சப்போட்டாவுக்கு வேர் கொடுத்த மரம்

வெள்ளி இரவு, புதுச்சேரி

இந்தப் பயணத்துக்கு முழுக் காரணம் மச்சான்தான். பண்ருட்டிப் பக்கம் நாற்றுப்பண்ணை வைத்திருக்கிறான். பலா, கொய்யா, முந்திரி, சப்போட்டா என்று ஒட்டுக்கன்று போட்டு விற்பவன். சப்போட்டாவை ஒட்டுக்கட்ட அடியில் பாலை நாற்று வைப்பது தோட்டக்காரர்களுக்குத் தெரிந்த விஷயம். சப்போட்டா மெக்சிகோப் பக்கத்து மரம், பாலை நம் கரையோரக் காட்டு மரம், இரண்டும் ஒரே குடும்பம் என்பதால் ஒட்டுப் பிடித்துக்கொள்கிறது, வேர் பாலையுடையது என்பதால் நம் வெயிலையும் தாங்குகிறது. போன மாதம் ஒரு கல்யாண வீட்டில் பந்திக்குக் காத்திருந்தபோது சொன்னான்: "மாமா, வருசா வருசம் பாலைக் கன்னு வாங்கி வாங்கி தலைய வெட்டிட்டு மேல சப்போட்டாவைக் கட்டுறேன். பெரிய பாலை மரம் எப்படி இருக்கும்னு கேட்டா எனக்குத் தெரியாது."

அப்படித்தான் ஆரம்பித்தது. அவனுக்குப் பாலை மரம் பார்க்க வேண்டும், எனக்கு ஆரோவில்லில் இருக்கும் தாவரவியல் பூங்காவைப் பார்க்க வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை. சரி, கிளம்பு என்று அவன் காரிலேயே வந்துவிட்டோம்.

இன்று சும்மா இருக்க வேண்டாமே என்று புதுச்சேரியின் பழைய தாவரவியல் பூங்காவுக்குள் நுழைந்தோம். 1826இல் பிரெஞ்சுக்காரர்கள் போட்டது. அதைப் பெரிதாக வளர்த்தவர் பெரோத்தே என்ற தாவரவியலாளர். நீலகிரி மலையெல்லாம் சுற்றிச் செடி சேகரித்தவர், 1870இல் இந்த ஊரிலேயே இறந்தவர். அந்தக் காலத்து ஐரோப்பியர்களுக்குத் தாவரவியல் பூங்கா என்றால் ஒரு சோதனைக்கூடம் மாதிரி: ஒரு கண்டத்துச் செடியை இன்னொரு கண்டத்தில் நட்டுப் பார்ப்பது, எது பிழைக்கிறது, எதில் காசு வரும் என்று கணக்குப் போடுவது. அதனால் இங்கே உலகத்தின் எந்தெந்த மூலை மரமோ நிற்கிறது. பெரிய பெரிய மரங்கள், நல்ல நிழல், பெஞ்சில் தூங்குகிறவர்கள், கல்லூரிப் பிள்ளைகள், வேர்க்கடலை. மாலை நேரத்துக்கு அருமையான இடம், குறையொன்றுமில்லை. ஆனால் பத்துக் கிலோமீட்டர் தள்ளி இருக்கும் காட்டில் என்ன மரம் நிற்கிறது என்று தெரிந்துகொள்ள இது உதவாது, அதற்காகப் போட்ட பூங்காவும் இல்லை இது.

இராத்திரி கடற்கரைச் சாலையில் ஒரு நடை. மச்சான் போகிற வழியெல்லாம் மரத்தைப் பார்த்து "இது வெளிநாடு, இதுவும் வெளிநாடு" என்று எண்ணிக்கொண்டே வந்தான். தூங்குமூஞ்சி, குல்மொகர், பெருங்கொன்றை. பூவரசைப் பார்த்ததும்தான் வாயை மூடினான்.

சனிக்கிழமை, ஆரோவில்

ஜூன் மாதம் இந்தப் பக்கம் வருகிறவர்களுக்கு ஒரே அறிவுரை: காலையில் போய்விடுங்கள். பதினொரு மணிக்கு மேல் செம்மண்ணிலிருந்து எழும் சூடு செருப்பைத் தாண்டி வருகிறது.

திண்டிவனம் சாலையிலிருந்து ஆரோவில்லுக்குத் திரும்பும் வழியில் இருக்கிறது பூங்கா. 50 ஏக்கர். 2000ஆம் ஆண்டு வேலையைத் தொடங்கியபோது இது வெட்டவெளி. உள்ளே நடக்கிறவர்களுக்கு அதை நம்புவது சிரமம், ஏனென்றால் நாங்கள் நின்ற இடத்தில் தலைக்கு மேல் வானம் துண்டு துண்டாகத்தான் தெரிந்தது.

இந்த மேட்டு நிலத்தின் கதை ஆரோவில்லை விடப் பழையது. காடு இருந்திருக்கிறது, வெட்டியிருக்கிறார்கள், அப்புறம் ஆடு மாடு, அப்புறம் மழை. 1968இல் ஆரோவில் தொடங்கியபோது இங்கே இருந்தது வெறும் செம்மண் பொட்டல்தான். ஒவ்வொரு ஐப்பசி மழைக்கும் மேல்மண் கரைந்து ஓடைகளாக வெட்டிக்கொண்டு கடல் வரைக்கும் சிவப்பாக ஓடுமாம். வந்தவர்கள் முதலில் வரப்புப் போட்டுத் தண்ணீரை நிறுத்தினார்கள், அப்புறம் சட்டென்று வளரும் மரமாக எது கிடைத்ததோ அதை நட்டார்கள். அதில் முக்கியமானது கத்திச்சவுக்கு, ஆஸ்திரேலியாக்காரன். வெறும் பொட்டலில் நிழலும் சருகும் உண்டாக்கிக் கொடுத்தது அதுதான், அந்த நன்றியை மறக்கக் கூடாது. ஆனால் 2011 டிசம்பர் 30 காலையில் தானே புயல் வந்தபோது அதுதான் கும்பல் கும்பலாகச் சாய்ந்தது. மெதுவாக வளர்ந்த உள்ளூர் மரங்களுக்குச் சேதம் குறைவு. பூங்காவில் வேலை பார்க்கும் ஓர் அக்கா (பக்கத்து ஊர்க்காரர், எங்களுக்கு வழிகாட்டியது அவர்தான்) இதை ரொம்பச் சாதாரணமாகச் சொன்னார்: "அது சீக்கிரம் வளந்துச்சு, சீக்கிரம் போச்சு. இதெல்லாம் ஒக்காந்து வளந்தது, ஒக்காந்தே இருக்கு."

பூங்காவில் மரத்தொகுப்பு ஒரு பக்கம், பாதிக்குப் பாதி இடம் அதற்குத்தான், இருநூற்றைம்பதுக்கும் மேல் மர வகைகள். கள்ளித் தோட்டம், செடிகளால் ஆன சுற்றுவழி எல்லாம் உண்டு, குழந்தைகளோடு வருகிறவர்களுக்கு அது பிடிக்கும். நாங்கள் அதையெல்லாம் எட்டிப் பார்த்துவிட்டு உள்ளூர்க் காட்டு மரங்கள் இருக்கும் பக்கம் போய்விட்டோம், மிச்ச நேரம் முழுக்க அங்கேதான்.

இந்தக் காட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் இதன் பக்கத்திலேயே பிறந்து வளர்ந்தவர்களுக்குக்கூட இப்படி ஒன்று இருப்பது தெரியாது. தமிழ்நாட்டில் காடு என்றால் நமக்கு முண்டந்துறை, முதுமலை, கொல்லிமலை. கடற்கரைச் சமவெளியில் காடு ஏது? இருக்கிறது, வெப்பமண்டல உலர் பசுமைமாறாக் காடு என்பது வனத்துறைப் பெயர். ஆந்திராவின் தென்கரையிலிருந்து வேதாரண்யம் தாண்டி ராமநாதபுரம் வரை கரையை ஒட்டித் துண்டு துண்டாக. பேரைக் கேட்டாலே முரணாக இருக்கும், உலர் என்கிறார்கள், பசுமை மாறாது என்கிறார்கள். விஷயம் மழையில் இருக்கிறது. இந்தப் பக்கம் வருடத்துக்கு 1,200, 1,300 மில்லிமீட்டர் மழை. அதில் பாதிக்கு மேல் அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் கொட்டித் தீர்த்துவிடும். அப்புறம் ஆறு ஏழு மாதம் காய்ச்சல். ஜவ்வாது மலையில் இருக்கும் மரங்கள் கோடையில் இலையை உதிர்த்துவிட்டு மொட்டையாக நிற்கும், அது ஒரு வழி. இந்தக் கரையோர மரங்கள் வேறு வழியில் போகின்றன: இலையைச் சிறியதாக, தடிப்பாக, மெழுகு பூசியதுபோல் வைத்துக்கொண்டு உதிர்க்காமலே கோடையைக் கடக்கின்றன. உயரமும் போவதில்லை, பத்துப் பன்னிரண்டு மீட்டர் வந்தால் பெரிய மரம். அதனால்தான் இது யார் கண்ணிலும் காடாகப் படவில்லை. புதர், முள்ளுக்காடு, பொறம்போக்கு என்று சொல்லி அழித்து முந்திரியும் சவுக்கும் யூகலிப்டசும் போட்டுவிட்டோம். யானையும் புலியும் இருந்திருந்தால் நாலு பேர் குரல் கொடுத்திருப்பார்கள்.

சரி, மரங்களுக்கு வருகிறேன்.

காசா. காயா என்றும் சொல்வார்கள். பெருமாளுக்குக் காயாம்பூ மேனி என்று சொல்கிறோமே, அந்தப் பூ. எத்தனை முறை கேட்டிருப்போம், எத்தனை பேர் பார்த்திருப்போம்? பருவம் ஏறக்குறைய முடிந்துவிட்டது, ஆனாலும் நிழலான ஓர் இடத்தில் ஒரு செடியில் மட்டும் கொஞ்சம் மிச்சமிருந்தது. இலைக் காம்புக்கடியிலும், இலையே இல்லாத பழைய கிளையின் மேலும், குச்சியிலிருந்து நேராகக் கொத்துக் கொத்தாக முளைத்திருக்கிறது. ஒரு பூ மிளகை விடக் கொஞ்சம் பெரிது. நிறம்தான் ஆளை நிறுத்துகிறது. நீலமும் ஊதாவும் கலந்து, உள்ளே கேசரமும் அதே நீலத்தில். குனிந்து மூக்குக்கு அருகில் வைத்துப் பார்த்தால் ஒவ்வொன்றும் ஒரு குட்டிக் கிண்ணம், விளிம்பில் நாலு இதழ். பக்கத்துக் கிளையில் அதே இடத்தில் காய் பிடித்திருந்தது: பச்சை, சிவப்பு, கறுப்பு என்று மூன்று பருவமும் ஒரே கொத்தில். இதன் இலை மஞ்சள் சாயத்துக்கும், பாய்க் கோரைக்கு நிறம் ஏற்றவும் பயன்பட்டது. இந்த இலையில் அலுமினியச் சத்து நிறையச் சேரும், அதனால் படிகாரம் போட்ட மாதிரி சாயம் துணியில் பிடித்துக்கொள்ளும். இவ்வளவு இருந்தும் ஒரு நர்சரியில் காசா கன்று கேட்டுப் பாருங்கள், ஒரு மாதிரி பார்ப்பார்கள். மச்சானே பார்த்திருப்பான், போன வாரம் வரைக்கும்.

அடுத்து எட்டியும் தேற்றானும். இரண்டையும் சேர்த்துச் சொல்லக் காரணம், இரண்டும் நெருங்கிய சொந்தம். எட்டிப் பழம் ஆரஞ்சுப் பழம் மாதிரி அழகாகப் பழுத்துத் தொங்கும், கொட்டையில் ஸ்ட்ரிக்னின் என்ற கொடிய விஷம். தேற்றான் கொட்டையைப் பானையின் உள்பக்கம் தேய்த்துவிட்டுக் கலங்கின தண்ணீரை ஊற்றினால் மண் எல்லாம் அடியில் படிந்து மேலே தெளிந்து நிற்கும். ஏரித் தண்ணீர் குடித்த காலத்தில் வீட்டுக்கு வீடு இருந்த பொருள். ஒரே வம்சத்தில் ஒருத்தன் அப்படி, ஒருத்தன் இப்படி. நம் குடும்பங்களில் இல்லாததா.

கருங்காலி முன்னால்தான் கூட்டம். சில வருடங்களாக எல்லார் கழுத்திலும் கருங்காலி மாலை தொங்குகிறது அல்லவா, மாலை போட்டவர்கள் வந்து மரத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "என்னங்க இது கறுப்பாவே இல்ல" என்று ஏமாந்து போகிறார்களாம். நியாயம்தான். கறுப்பு எல்லாம் நடுவில் இருக்கும் வைரத்தில். அதைச் சுற்றி இருக்கும் வெளிக்கட்டை வெளுப்பு. அதிலும் வைரம் பாய மரத்துக்கு வயசாக வேண்டும், இது ரொம்ப மெதுவாக வளரும் சாதி. நடைபாதையில் ஐம்பது ரூபாய்க்குக் கிடைக்கிற மணி எல்லாம் இந்த மரத்திலிருந்துதான் வந்தது என்றால் காடு காடாக வெட்டியிருக்க வேண்டும். நான் யார் நம்பிக்கையிலும் கை வைக்கவில்லை, கணக்கு மட்டும் சொல்கிறேன்.

குருந்து இலையைக் கசக்கி முகர்ந்தால் எலுமிச்சை. முள் உண்டு, காயும் சின்ன எலுமிச்சை மாதிரியே. ஆவுடையார்கோவிலில் மாணிக்கவாசகருக்கு உபதேசம் நடந்தது குருந்த மரத்தடியில் என்பார்கள், அங்கே தலமரமும் இதுதான். மோதிரக்கண்ணி என்று ஒரு கொடி. அதன் கொக்கிகள் ஜோடி ஜோடியாகச் சுருண்டு உண்மையிலேயே சுண்டுவிரலுக்குப் போடலாம் போல இருக்கின்றன. பக்கத்துக் குச்சியைப் பிடித்துவிட்டால் அந்தக் கொக்கி தடித்துக் கட்டையாகி இறுகிக்கொள்கிறது, கையால் பிரிக்க முடியவில்லை.

பாலையும் இருந்தது. பெயர்ப்பலகையோடு, நல்ல வளர்த்தியாக. ஆனால் அதற்கு இன்னும் இளம் வயது; மச்சான் சுற்றிச் சுற்றி வந்து பட்டையைத் தட்டிப் பார்த்துவிட்டு, "இது சின்னப் பையன் மாமா, அப்பனைக் காட்டுங்க" என்றான். அந்த அக்கா சிரித்துவிட்டு, "அப்பனைப் பாக்கணும்னா ஐயனார் காட்டுக்குத்தான் போகணும், நாங்களும் வெதை அங்கெல்லாம் பாத்துதான் கத்துக்கிட்டோம்" என்றார்.

நாற்றங்காலில் மட்டும் மச்சான் ஒரு மணி நேரம் நின்றான், தொழில் பேச்சு. காட்டு மரக் கன்று ஏன் கடையில் கிடைப்பதில்லை என்பதற்கு எனக்கு அங்கேதான் பதில் கிடைத்தது. பல மரங்களின் விதையைக் காயவைத்து டப்பாவில் போட்டுவைக்க முடியாது. நாவலை எடுத்துக்கொள்ளுங்கள், கொட்டை காய்ந்தால் போச்சு, பழம் விழுந்த சூட்டோடு போட்டாக வேண்டும். பாலை முளைக்கும், ஆனால் பென்சில் கனம் வர இரண்டு வருடத்துக்கு மேல் ஆகும். யார் காத்திருப்பார்கள்? ஆறு மாதத்தில் இடுப்பளவு வந்து நிற்கும் கன்றைத்தானே திட்டம் போடுகிறவரும் கேட்கிறார், வாங்குகிறவரும் கேட்கிறார்.

ஒரு குறை சொல்லலாமா? பெயர்ப்பலகையில் மரத்தின் பெயர் இருக்கிறது, ஆனால் இந்த மரம் எந்த ஊர்ப்பக்கம் இன்னும் நிற்கிறது, எதற்குப் பயன்பட்டது என்பதெல்லாம் அந்த அக்கா வாயிலிருந்து வந்ததுதான். அவர் கூட வராமல் நாங்களாகச் சுற்றியிருந்தால் ஒரு மணி நேரத்தில் வெளியே வந்து மோர் குடித்துக்கொண்டிருப்போம். போகிறவர்கள் யாரையாவது கேட்டுக் கூட அழைத்துக்கொள்ளுங்கள்.

ஞாயிறு, கீழ்ப்புத்துப்பட்டு

கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரியிலிருந்து வடக்கே, சென்னைக்குப் போகிறவர்கள் நூறு தடவை கடந்த இடம். மஞ்சனீஸ்வரர் ஐயனார் கோயில். ஞாயிற்றுக்கிழமை என்பதால் வேன், மினி லாரி, காதுகுத்து, மொட்டை, பொங்கல் புகை, ஒலிபெருக்கி. வரிசையாகக் குதிரைகள். இவ்வளவு சத்தத்துக்கும் பின்னால் ஒரு காடு இருக்கிறது.

உள்ளே போனால் பத்தடியில் வெளிச்சம் இறங்கிவிடுகிறது. இருபதடியில் ஒலிபெருக்கி தூரமாகிவிடுகிறது. நேற்று பூங்காவில் தனித்தனியாகப் பலகையோடு பார்த்தவை எல்லாம் இங்கே ஒன்றின்மேல் ஒன்றாக, யார் யார் என்று பிரிக்க முடியாதபடி நிற்கின்றன. கீழ்வரிசை முழுக்கக் காசா, எங்கே திரும்பினாலும் காசா. இடையில் குருந்து, பாணல். மரத்துக்கு மரம் தொடை கனக் கொடிகள். கொடி எது மரம் எது என்று சில இடங்களில் சந்தேகம் வரும்.

நான் அதிக நேரம் நின்றது ஒரு வீரை மரத்தின் முன்னால். உயரம் ஒன்றும் பிரமாதமில்லை. அடிமரம்தான் விசித்திரம்: உருண்டையாக இல்லாமல் பல தண்டுகளை முறுக்கிப் பிழிந்ததுபோல் வரிவரியாக மேடும் பள்ளமும், நடுநடுவே ஒரு கை நுழையும் ஓட்டைகள், ஒரு ஓட்டை வழியாகப் பார்த்தால் அந்தப் பக்கத்துப் பச்சை தெரிகிறது. பட்டை வெளிறிய சாம்பல். அதன் பள்ளங்களில் சருகு சேர்ந்து மக்கி, அதில் ஏதோ ஒரு செடி முளைத்து இரண்டு இலை விட்டிருந்தது. மேலே இலைகளைச் சேர்த்து ஒட்டி முசுறு எறும்பு கூடு கட்டியிருந்தது, அதைக் கவனிக்காமல் சாய்ந்து நின்ற மச்சான் கொஞ்ச நேரம் ஆடினான்.

இந்தக் காடு ஏன் இருக்கிறது, சுற்றியிருந்தது எல்லாம் ஏன் போயிற்று என்பதற்கு ஒரே பதில்தான். இது ஐயனாருடையது. குச்சிகூட ஒடிக்கக் கூடாது, விறகு பொறுக்கக் கூடாது, மீறினால் அவர் பார்த்துக்கொள்வார். வனச்சட்டம் வருவதற்கு எத்தனையோ தலைமுறைக்கு முன்னால் வந்த சட்டம், காவலுக்கு ஆள் வேண்டாம். புதுச்சேரி, கடலூர்ப் பக்கம் இந்த வகைக் காட்டில் மிஞ்சியவற்றில் நிறைய இப்படிக் கோயில் காடுகள்தான். ஆராய்ச்சி செய்கிறவர்கள் மரம் எண்ண வருவதும் இங்கேதான். ஆனால் ஒடிக்கக் கூடாது என்பதை மதிக்கிற அதே சனம் பிளாஸ்டிக் தட்டைக் காட்டு ஓரத்தில் வீசிவிட்டுப் போகிறது. தட்டு வீசக் கூடாது என்று ஐயனாரிடம் யாரும் சொல்லிவைக்கவில்லை போலிருக்கிறது.

பாலை கிடைத்தது. மச்சான்தான் முதலில் பார்த்தான், தரையில் மஞ்சளாகக் கிடந்த பழத்தைப் பார்த்து அண்ணாந்தான். கறுத்து வெடித்த பட்டை, இரண்டு பேர் சேர்ந்து கட்டிப் பிடிக்க வேண்டிய அடிமரம், மேலே போய் அகலமாக விரிந்த தலை. உலக்கையும் செக்கும் செய்த கட்டை இதுதான், இரும்பு மாதிரி. அவன் ஒன்றும் பேசவில்லை. வழக்கமாக எதைப் பார்த்தாலும் விலை சொல்கிறவன் அவன்.

அங்கே பொங்கல் வைக்க வந்திருந்த ஒரு வயதான அம்மா எங்களைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "என்ன தம்பி, பாலைப்பழமோ?" என்றார். அந்த ஒரு சொல்லிலேயே தெரிந்துவிட்டது. பக்கத்திலேயே இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம். முல்லைத்தீவுப் பக்கத்திலிருந்து வந்தவர்.

"எங்கட வன்னிக் காட்டுக்குள்ள இது கனக்க நிக்குது. வைகாசி ஆனியில பழுக்கும். மடி நிறையப் பொறுக்கிக்கொண்டு வருவம். நிறையத் திண்டா ரெண்டு உதடும் ஒட்டிப்போம், அதுக்கு நல்லெண்ணெய் பூசோணும்."

அங்கேயும் இதே காடுதான். வடகிழக்குப் பருவமழையை நம்பி, அதே பாலை, அதே வீரை, அதே கருங்காலி. நடுவில் கொஞ்சம் கடல். அவர் எங்களை விட்டுவிட்டுத் தானே உள்ளே நடந்து, இது வீரை, இது பாணல் என்று கைகாட்டிக்கொண்டே போனார், நேற்று முழுக்கப் பலகை பார்த்துப் படித்த எங்களுக்கு வெட்கமாகப் போயிற்று. "முதிரை மட்டும் காணேல்ல" என்று ஒரு குறை.

பழம் தின்றோம். ஆலிவ் அளவு, மஞ்சள், தோல் மெல்லிசு. சப்போட்டாவின் தித்திப்பு, ஆனால் அதில் இல்லாத ஒரு வாசனை. நாலாவது பழத்தில் உதடு ஒட்ட ஆரம்பித்தது. உள்ளே ஒரே ஒரு கொட்டை, அரக்கு நிறம், எண்ணெய் தடவியதுபோல் பளபளப்பு. நான் துப்பப் போனபோது மச்சான் கையை நீட்டினான்: "துப்பாதீங்க மாமா, குடுங்க." கைக்குட்டையில் சேர்த்தான். என்னுடையது, அவனுடையது, தரையில் கிடந்தது. முடிச்சுப் போடும் நேரத்தில் பக்கத்தில் சருகு பெருக்கிக்கொண்டிருந்த பெரியவர் பார்த்துவிட்டார்.

"பழம் எவ்ளோ வேணும்னாலும் தின்னுப்பா. கொட்ட காட்டுக்குள்ளயே போவணும்."

"ஐயா, நட்டு வளக்கத்தான். நாத்துப்பண்ணை வச்சிருக்கேன்."

"நீ வளப்ப. உன்னப் பாத்துட்டு இன்னொருத்தன் மூட்டையில கட்டுவான். போடு."

மச்சான் என்னைப் பார்த்தான், மரத்தைப் பார்த்தான், முடிச்சை அவிழ்த்து அப்படியே உதறினான். வண்டியில் ஏறினதும், "அவர் சொல்றது சரிதான் மாமா, எனக்கே மூட்டைன்னுதான் தோணுச்சு" என்றான். திரும்பும் வழியில் நேற்றைய பூங்காவுக்குப் போன் போட்டு, கன்று எடுத்துக்கொள்ள நாளைக் காலை வரலாமா என்று கேட்டுவிட்டான்.

திங்கள், திருவக்கரை வழியாக

காலையில் கன்றுகளை ஏற்றினோம். பாலை, காசா, குருந்து, தேற்றான், கருங்காலி. பின்சீட் போய்விட்டது. பாலையை இந்த முறை தலை வெட்டப் போவதில்லை, பண்ணை வாசலில் நடுவதற்காம். காசாவைத்தான் விற்றுப் பார்க்கப் போகிறான். வேலிக்கு வெட்டி வளர்க்கலாம், வருடம் முழுக்கப் பச்சை, ஒரு பருவத்துக்கு நீலப் பூ, தண்ணீர் கேட்காது, "இதுக்கு மேல ஒரு வேலிச்செடி என்ன பண்ணணும்" என்கிறான். வெளிநாட்டு வேலிச்செடி கேட்டு வருகிறவர்களிடம் இதைத் தள்ளிவிட முடியுமா என்று தெரிந்துகொள்ள எனக்கும் ஆவல்.

வீட்டுக்குப் போகிற வழி இல்லை என்றாலும் திருவக்கரைக்கு ஒரு சுற்று. வக்கிரகாளியைக் கும்பிட்டுவிட்டு அப்படியே கல்மரப் பூங்கா. 1781லேயே சொன்னேரா என்ற பிரெஞ்சுக்காரர் இதைப் பற்றி எழுதியிருக்கிறார், இப்போது இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் பொறுப்பில். சுமார் இரண்டு கோடி வருடத்துக்கு முந்தைய மரங்கள், கல்லாகி, அங்கங்கே படுத்துக் கிடக்கின்றன. கிளையும் பட்டையும் இல்லாததால் இவை இங்கேயே வளர்ந்தவை இல்லை, பழைய வெள்ளம் ஏதோ அடித்துக்கொண்டு வந்து மணலில் புதைத்தது என்கிறார்கள். கட்டையின் ரேகை, முடிச்சு எல்லாம் அப்படியே இருக்கிறது. நல்ல இடம், ஆனால் மத்தியானம் போகாதீர்கள், நிழல் கிடையாது. எனக்குக் கல்லை விட அதன் நடுவே முளைத்திருந்த விராலியும் களாவும்தான் கண்ணில் பட்டன, நேற்றும் முந்தாநேற்றும் பார்த்த பழக்கம்.

போகிறவர்களுக்கு: பூங்காவுக்குக் காலை, கோயில் காட்டுக்கு ஞாயிறு தவிர வேறு நாள். முழுக்கால் சட்டை, மூடின செருப்பு. காசா பூ நிறையப் பார்க்க வேண்டும் என்றால் கோடை தொடங்கும்போதே போங்கள். பாலைப்பழம் வேண்டும் என்றால் இப்போது. இரண்டும் ஒரே பயணத்தில் என்றால் எங்களைப் போல அதிர்ஷ்டத்தைத்தான் நம்ப வேண்டும்.

படங்களை இந்த வாரத்துக்குள் போடுகிறேன். அதில் ஒன்றுக்கு மட்டும் தெரிந்தவர்கள் பெயர் சொல்ல வேண்டும்: புத்துப்பட்டில் வீரை மரத்தின் மேல் ஏறியிருந்த கொடி. இலை எதிரெதிராக, பளபளப்பு, அடியிலிருந்தே மூன்று நரம்பு நுனி வரை ஓடுகிறது, கணுவில் மேல்நோக்கிச் சுருண்ட ஒரு தடித்த கொக்கி. பூவோ காயோ இல்லை. நரம்பைப் பார்த்து எட்டியின் சொந்தக்காரனாக இருக்கும் என்கிறான் மச்சான். அப்படியென்றால் அந்த இலையைக் கிள்ளி வாயில் வைத்துப் பார்த்த என்னைப் பற்றிக் கவலைப்பட வேண்டுமா என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.